கேமரா முகம் திருப்பும் இடம்: பழைய திகில் படங்களும் தன்பாலீர்ப்பும்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: பழைய ஹாலிவுட் திகில் படங்களில் தன்பாலீர்ப்பு இலைமறை காயாக இருக்கிறது என்கிறார்களே, அது எடுத்தவர்கள் தெரிந்தே வைத்ததா, இன்றைக்குப் பார்க்கிறவர்கள் ஏற்றிச் சொல்வதா? பார்க்க வேண்டுமென்றால் எதிலிருந்து தொடங்குவது?

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிரைட் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்' (1935). மொத்தமே 75 நிமிடம். அதற்கு முந்தைய 'ஃப்ராங்கன்ஸ்டைன்' (1931) பார்த்திருந்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் கதை புரிந்துவிடும். இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று நான் கணக்கு வைக்கவில்லை. காட்டுக்குடிசையில் பார்வையற்ற கிழவர் வயலின் வாசிக்கும் காட்சி வரும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தெரிந்தே வைத்ததா என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. சில படங்களில் தெரிந்தேதான் வைத்தார்கள். சிலவற்றில் எடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சிலவற்றில் தணிக்கை அதிகாரியே மோப்பம் பிடித்து எச்சரித்திருக்கிறார். நான் இந்தப் படங்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வழி ஒன்றுதான்: கேமரா எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று கவனியுங்கள். கொலையைக் காட்டக் கூசாத படம், ஒரு தொடுதலுக்கு முன்னால் சட்டென்று இருண்டுபோனால் அங்கே விஷயம் இருக்கிறது. உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருள் வைத்துச் சங்கப் பாட்டெழுதிய மொழிக்காரர்கள் நாம். சொல்லாமல் விட்டதைக் கேட்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை.

ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்பதற்குக் காரணம் எழுத்திலேயே இருக்கிறது. 1930-ல் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. ஹேஸ் விதிகள் என்று பேர். 'பாலியல் பிறழ்வு' என்று அவர்கள் அழைத்ததைக் காட்டவும் கூடாது, ஜாடையாக உணர்த்தவும் கூடாது என்பது அதில் ஒரு விதி. முதல் நான்கு வருடம் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. 1934-ன் நடுவில் ஜோசப் பிரீன் தலைமையில் தனி அலுவலகம் வந்தபிறகு பிடி இறுகியது. அவருடைய சான்றிதழ் இல்லாமல் பெரிய ஸ்டுடியோ எதுவும் படத்தை வெளியிட முடியாது. ஆகவே ஓர் ஆணை இன்னோர் ஆண் விரும்புவதை, ஒரு பெண்ணை இன்னொரு பெண் விரும்புவதைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால், அதைச் சுமக்க வேறோர் உடம்பு தேவைப்பட்டது. இரத்தக்காட்டேரிக்கும் தைத்து ஒட்டிய பிணத்துக்கும் அந்த வேலை வந்து சேர்ந்தது. இயற்கைக்கு மாறானது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்று என்ன ஆசைப்பட்டாலும் அது கதையின் கணக்கில் சரியாகிவிடும்.

தணிக்கை இறுகுவதற்கு முன்பிருந்தே காட்டேரிக்கு இந்தப் பழக்கம் உண்டு. இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' 1922-ல் ஜெர்மனியில் வந்த மௌனப்படம். முர்னாவ் தன்பாலீர்ப்பாளர். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவு அன்றைக்கு அங்கே சட்டத்தில் இருந்தது. படத்தில் ஹட்டர் என்ற இளைஞன் கோட்டைக்குப் போகிறான். நள்ளிரவில் சாப்பாட்டு மேசையில் ரொட்டியை வெட்டும்போது கட்டைவிரலில் கத்தி பட்டுவிடுகிறது. பிரபு ஓர்லாக் பாய்ந்துவந்து அந்தக் கையைப் பற்றி வாயருகே கொண்டுபோகிறார். ஹட்டர் பின்னால் நகர்ந்து நகர்ந்து நாற்காலியில் போய் விழுகிறான். மறுநாள் கழுத்தில் இரண்டு சின்னத் தடம். கொசுக்கடி என்று மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். இந்தப் படத்தில் காட்டேரி முதலில் கடித்தது ஓர் ஆணைத்தான். ஆனால் கடித்ததை நாம் பார்க்கவில்லை, தடத்தை மட்டும் பார்க்கிறோம்.

பேலா லுகோசி நடித்த 1931-ன் 'டிராகுலா'விலும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே கோட்டைக்குப் போகிறவன் ரென்ஃபீல்ட். காகிதத்தைக் கோத்த கிளிப் விரலைக் குத்திவிடுகிறது. பிறகு அவன் மயங்கி விழுந்ததும் மூன்று பெண்கள் அவனை நோக்கி வருகிறார்கள். டிராகுலா கையசைத்து அவர்களை விலக்குகிறார். தானே அவன்மேல் குனிகிறார். திரை இருண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு படம் முழுக்க ரென்ஃபீல்ட் 'எஜமானே' என்று உருகுகிற உருகலைக் கேளுங்கள். அடிமையின் பயம் மட்டும் அப்படிக் கேட்காது. மூல நாவலிலேயே டிராகுலா அந்தப் பெண்களிடம் இந்த மனிதன் எனக்குச் சொந்தம் என்று சொல்கிறார். பிராம் ஸ்டோக்கர் அதை வெளியிட்டது 1897-ல். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை இதே விஷயத்துக்காக லண்டன் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பி அப்போது இரண்டே வருடம். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸைத் திருமணத்துக்கு முன் காதலித்தவரும் அதே வைல்டுதான்.

சரி, இப்போது ஜேம்ஸ் வேலுக்கு வருகிறேன்.

இங்கிலாந்தின் டட்லி என்ற தொழில் நகரத்தில் 1889-ல் உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் போய் 1917-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போர்க்கைதி முகாமில் பொழுதுபோக்க நாடகம் போட்டதில்தான் இயக்குநரானார். பிறகு ஹாலிவுட். தயாரிப்பாளர் டேவிட் லூயிஸுடன் இருபது வருடத்துக்கும் மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அதை ஊருக்கு ஒளிக்கவில்லை. 1930களில் அப்படி இருந்தவர்கள் அங்கே மிகக் குறைவு.

'பிரைட்' படத்தில் டாக்டர் பிரிட்டோரியஸ் என்று ஒருவர் வருகிறார். எர்னெஸ்ட் தெசிஜர் நடித்தது. ஒல்லியான நீண்ட முகம், கூரான மூக்கு, ஒவ்வொரு சொல்லையும் மிட்டாய் மாதிரி நாக்கில் உருட்டிப் பேசும் குரல். பிணங்களைத் தைத்து அரக்கனை உருவாக்கிய ஹென்றி ஃப்ராங்கன்ஸ்டைன் காயப்பட்டுப் படுத்திருக்கிறான்; அவன் படுக்கையருகே எலிசபெத் உட்கார்ந்திருக்கிறாள். இனிமேல் பிணங்களோடு விளையாட்டு வேண்டாம், நாம் இருவரும் வாழலாம் என்கிற பேச்சு நடந்து முடிந்த இரவு. அந்த நேரத்தில் பிரிட்டோரியஸ் வந்து கதவைத் தட்டுகிறார். தனியாகப் பேச வேண்டும், ரகசியம் என்கிறார். எலிசபெத் வெளியே அனுப்பப்படுகிறாள். கொஞ்ச நேரத்தில் ஹென்றி படுக்கையைவிட்டு எழுந்து, அந்த இரவிலேயே இவரோடு கிளம்பிப்போகிறான். போய்ச் செய்யப்போவது என்ன? பெண் துணை இல்லாமல் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஓர் உயிரைப் பெறப்போகிறார்கள்.

பிரிட்டோரியஸ் விருந்தினருக்கு ஜின் ஊற்றுகிறார். இதுதான் என் ஒரே பலவீனம் என்கிறார். பின்னால் கல்லறைக்குள் அரக்கனுக்குச் சுருட்டு நீட்டுகிறார். அங்கேயும் இதுதான் என் ஒரே பலவீனம் என்கிறார். ஒரே பலவீனம் என்று இரண்டைச் சொல்கிறவருக்கு மூன்றாவதும் இருக்கும் என்று புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குப் புரிந்திருக்கும். பிரீன் அலுவலகம் இந்தப் படத்தில் எதைப் பிடித்தது தெரியுமா? கடவுளோடு ஒப்பிட்டுப் பேசும் வசனங்கள், கொலைகளின் எண்ணிக்கை, முன்னுரைக் காட்சியில் நடிகை எல்சா லான்செஸ்டரின் கழுத்து இறங்கிய உடை. பிரிட்டோரியஸ் அவர்கள் கண்ணெதிரே நடந்து போய்விட்டார்.

ஆனால் எனக்கு இந்தப் படம் பிரிட்டோரியஸால் பெரிதாகவில்லை. குடிசைதான் காரணம்.

ஊரே துரத்த, குண்டடிபட்டு, அரக்கன் காட்டுக்குள் ஓடிவருகிறான். எங்கிருந்தோ வயலினில் ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'. சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். கிழவருக்குக் கண் தெரியாது. யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிகிறது, யாராயிருந்தாலும் உள்ளே வா என்கிறார். பேச வராத முரட்டு உறுமலைக் கேட்டு, உன்னால் பேச முடியாதா, எனக்குப் பார்க்க முடியாது, நாம் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாம் என்கிறார். சூப் கொடுக்கிறார். படுக்கையில் படுக்க வைக்கிறார். அப்புறம் பக்கத்தில் மண்டியிட்டு, தனித்துக் கிடந்த தன் இரண்டு பிள்ளைகளை இந்த இரவில் கடவுள் சேர்த்துவைத்ததற்கு நன்றி சொல்லி, அவன் மார்பிலேயே தலையைச் சாய்த்து அழுகிறார். இந்த இடத்தில் அரக்கனாக நடித்த கார்லாஃபின் கையைப் பாருங்கள். அதுவரை கழுத்தை நெரிக்க மட்டுமே தெரிந்த அந்தப் பெரிய கை மெல்ல எழுந்து கிழவரின் தோளைத் தட்டிக்கொடுக்கிறது. எப்படித் தட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை, கொஞ்சம் அழுத்தமாகத் தட்டுகிறது. அரக்கன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிகிறது. திரை இருண்டபிறகும் சுவரிலிருக்கும் சிலுவை மட்டும் சற்று நேரம் ஒளிர்கிறது.

நான் மேலே சொன்ன இருட்டோடு இந்த இருட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ரென்ஃபீல்ட் மேல் விழுந்தது பயத்தின் இருட்டு. இங்கே கேமரா கடைசிவரை பார்த்துவிட்டு, ஆசீர்வாதம் செய்துவிட்டு விலகுகிறது. இரண்டு ஆண்களின் வீட்டை, அவர்கள் சாப்பிடுவதை, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை, தணிக்கை இறுகிய மறுவருடமே வேல் எடுத்துக் காட்டிவிட்டார். ரொட்டி நல்லது, ஒயின் நல்லது, தனிமை கெட்டது, நண்பன் நல்லவன் என்று அரக்கன் பேசப் பழகுகிறான். பிறகு வழி தவறிய வேட்டைக்காரர்கள் இருவர் வருகிறார்கள். இது யார் தெரியுமா என்று கத்துகிறார்கள், துப்பாக்கியை எடுக்கிறார்கள், குடிசை பற்றி எரிகிறது, நாங்கள் உன்னைக் காப்பாற்றினோம் என்று கிழவரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். எரியும் வீட்டிலிருந்து வெளியே வந்த அரக்கன் 'நண்பா?' என்று ஒரே ஒரு சொல்லைக் காட்டைப் பார்த்துக் கேட்கிறான். யாருக்கும் கேடு செய்யாத ஒரு வீட்டை வெளியிலிருந்து வந்தவர்கள் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி உடைப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் எடுத்த காட்சி இது என்றே நான் நம்புகிறேன்.

படத்தின் முடிவும் அந்த நம்பிக்கையை உறுதிசெய்கிறது. அரக்கனுக்காக உருவாக்கிய மணப்பெண் அவனைப் பார்த்து அலறுகிறாள். எல்லாவற்றையும் வெடிக்கவைக்கும் நெம்புகோலில் அவன் கை. ஹென்றியையும் எலிசபெத்தையும் போங்கள், வாழுங்கள் என்று அனுப்பிவிடுகிறான். பிரிட்டோரியஸிடம் மட்டும் நீ இரு, நாமெல்லாம் செத்தவர்களோடு சேர்ந்தவர்கள் என்கிறான். ஆணும் பெண்ணுமான ஜோடிக்கு வெளியே போக வழி உண்டு, மற்றவர்களுக்கு இடிபாடு.

இதற்கு எதிர்ப்பேச்சும் இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. வேலின் நண்பரும் தானும் தன்பாலீர்ப்பாளருமான இயக்குநர் கர்ட்டிஸ் ஹாரிங்டன் இந்த மாதிரி விளக்கங்களைக் கடுமையாக மறுத்தார். வேல் ஒரு கலைஞராகப் படம் எடுத்தார், அரக்கனில் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது அவர் பக்கம். வேலின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் கர்ட்டிஸும் அதையே சொல்கிறார். அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். வேல் உட்கார்ந்து ரகசியச் செய்தி எழுதினார் என்று நானும் சொல்லவில்லை. ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை அவர் எதைக் கூர்ந்து பார்க்கிறார் என்பதில் தெரியும், அவ்வளவுதான். ஒரு குடிசை எரிவதற்கு இத்தனை நேரம் ஒதுக்க 1935-ல் திகில் படம் எடுத்த வேறு யாருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் பக்கம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது 'டிராகுலாஸ் டாட்டர்' (1936). லம்பர்ட் ஹில்லியர் இயக்கம், 71 நிமிடம். இதன் வேர் ஸ்டோக்கருக்கும் முந்தியது. ஷெரிடன் லெ ஃபானு என்ற ஐரிஷ் எழுத்தாளரின் 'கார்மில்லா' கதையில் காட்டேரியும் பெண், அவள் காதலிப்பதும் பெண்ணைத்தான். 'டிராகுலா' நாவலுக்கு 25 வருடம் முன்னால், 1872-ல் வந்துவிட்டது. திரையில் குளோரியா ஹோல்டன் நடித்த கோமகள் ஸலெஸ்காவுக்கு அந்தச் சாயல் நிறையவே உண்டு. ஆனால் அவளிடம் புதிதாக ஒன்று இருக்கிறது: அவள் தன் தாகத்திலிருந்து விடுபட விரும்புகிறாள். அப்பாவின் உடலை எரித்துவிட்டால் சாபம் போய்விடும் என்று நம்பி எரிக்கிறாள். போகவில்லை. பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் போகிறாள். ஆசையைக் கண்டு ஓடாதே, எதிரே நிறுத்தி வென்றுவிடு என்கிறார் அவர். குடிகாரனைப் பாட்டிலோடு ஓர் அறையில் விடுவது மாதிரியான வைத்தியம். 1936-ல் பார்த்த எத்தனை பேர் இதே வைத்தியத்துக்காக இதே மாதிரி அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்கும்போது இந்தப் பகுதி எனக்கு மிகவும் கனக்கிறது.

அவள் வென்றுபார்க்கத்தான் முயல்கிறாள். வேலையாள் சாண்டர் தெருவிலிருந்து லில்லி என்ற ஏழைப் பெண்ணை ஓவியத்துக்கு மாடல் என்று அழைத்துவருகிறான். நெருப்பருகே உட்கார வைக்கிறாள், ஒயின் கொடுக்கிறாள். உடையின் தோள்பட்டியை இறக்கிக்கொள்ளச் சொல்கிறாள். லில்லி இறக்குகிறாள். கோமகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள், நான் சரியாக இல்லையா என்று லில்லி கேட்கிறாள். இந்த மௌனத்தில் ஹோல்டனின் கண்கள் மட்டும் பேசுகின்றன, அந்தக் கண்களில் பசியைவிடத் துக்கம்தான் அதிகம். பிறகு ஆளை மயக்கும் தன் மோதிரத்தை உயர்த்திக்கொண்டு நெருங்குகிறாள். லில்லி அலறுகிறாள், கேமரா அவர்களைவிட்டு மேலே ஏறி, சுவரில் மாட்டியிருக்கும் முகமூடியில் போய் நின்றுவிடுகிறது. பிரீன் அலுவலகம் இந்தக் காட்சியைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டி, மிகுந்த கவனத்தோடு எடுக்கச் சொல்லியிருந்தது. அதாவது இதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இன்றைய பார்வையாளர் ஏற்றிச் சொல்கிறார் என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் காட்சியைத்தான்.

இந்தப் படத்தில் எனக்கு மனக்குறையும் உண்டு. பெண்ணை விரும்பும் பெண் ஏழைப் பெண்களை வேட்டையாடுகிறவள் என்ற படிமத்தை இதுவும் இதன் வழியே வந்தவையும் ஊறவைத்துவிட்டன. பிரிட்டனின் ஹேமர் படநிறுவனம் 'கார்மில்லா'வை வைத்து 1970-ல் எடுத்த 'தி வேம்பயர் லவர்ஸ்' எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டியது, ஆனால் பெரும்பாலும் ஆண் பார்வையாளரின் கண்ணுக்காக. அதைவிட அந்த முகமூடியே எனக்கு அதிகம் சொல்கிறது.

அந்தப் படிமத்தை உடைத்தது ராபர்ட் வைஸின் 'தி ஹாண்டிங்' (1963). ஷெர்லி ஜாக்சனின் நாவல், பேய் வீடொன்றை ஆராய வந்து தங்குகிறவர்களின் கதை. 1961-ல் ஹேஸ் விதிகளைத் தளர்த்தி, இந்த விஷயத்தை அடக்கத்தோடு கையாளலாம் என்று சொல்லியிருந்தார்கள். கிளேர் புளூம் நடித்த தியோவுக்கு அடுத்தவர் மனது தெரியும் சக்தி உண்டு, ஆடை வடிவமைப்பாளர் மேரி குவாண்டின் அழகான உடைகள் உண்டு, பெண்கள்மேல் நாட்டமும் உண்டு. ஆனால் அவள் பேய் கிடையாது. இரவில் ஏதோ ஒன்று நடைவழியில் ஒவ்வொரு கதவாக இடித்துக்கொண்டு வரும்போது கூட வந்து தங்கியிருக்கும் எலினரைக் கட்டிக்கொண்டு நடுங்குகிற மனுஷி. அந்த வீட்டிலேயே எலினரை முழுதாகப் புரிந்துகொண்டவளும் அவள்தான். அதற்கு அவளுக்குக் கிடைப்பது, நீ இயற்கையின் பிழை என்று எலினர் முகத்துக்கு நேரே வீசும் வசை. புளூமின் முகத்தில் அந்தச் சொல் போய் விழுவதைப் பாருங்கள். தியோ தன் காதலியோடு பிரிவதாக ஒரு காட்சியையும் வைஸ் எடுத்திருந்தார். எடிட்டிங்கில் நீக்கிவிட்டார். விதி தளர்ந்தபிறகும் கேமரா முகம் திருப்பிய இடம் அது.

ஜாக் டூர்னர் இயக்கிய 'கேட் பீப்பிள்' (1942) படத்தில் ஒரு நிமிடம்கூட வராத ஒரு காட்சி: ஆசை வந்தால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சுகிறவள் ஐரினா; அவளுடைய கல்யாண விருந்தில் யாரோ ஒரு பெண் மேசையருகே வந்து, செர்பிய மொழியில் 'என் சகோதரி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். ஐரினா வெளிறிப்போகிறாள். தன் இனத்தாளை ஒருத்தி அடையாளம் கண்டுகொண்டாள் என்பதற்கு மேல் படம் எதுவும் சொல்லவில்லை. அது போதும். 1985-ன் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் 2' பற்றிக் கேட்பீர்கள். எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்தபோது, ராக் ஹட்சன் இறந்த மறுமாதம் வந்த படம். தன் உடம்புக்குள் ஒருவன் இருக்கிறான், வெளியே வரப்பார்க்கிறான் என்று கதறும் பையனாக நடித்த மார்க் பேட்டன் அப்போது தன்னை வெளியே சொல்லாத தன்பாலீர்ப்பாளர். திரைக்கதை எழுதியவர் பல வருடம் தான் அப்படி எழுதவில்லை, நடிகர்தான் அப்படி நடித்துவிட்டார் என்ற மாதிரிப் பேசிவந்தார். பேட்டன் நடிப்பையே விட்டுப்போனார். படம் சுமார்தான், ஆனால் பேட்டனுக்காகப் பாருங்கள். அவர் தன் கதையைச் சொல்லும் 2019-ன் ஆவணப்படம் 'ஸ்க்ரீம், குயீன்' அதைவிட முக்கியம்.

'பிரைட்' பிடித்திருந்தால் அடுத்து வேலின் 'தி ஓல்ட் டார்க் ஹவுஸ்' (1932). வேல்ஸ் மலைப்பகுதியில் கொட்டும் மழை, சேற்றில் சிக்கிய பயணிகள், ஒரு பாழ்வீடு, அதில் ஃபெம் என்ற குடும்பம். தெசிஜர் இதிலும் உண்டு. மாடியில் படுத்திருக்கும் 102 வயதுக் கிழவராக நடித்திருப்பது எல்ஸ்பெத் டட்ஜன் என்ற பெண். பெயர்ப் பட்டியலில் ஜான் டட்ஜன் என்று போட்டிருப்பார்கள். கார்லாஃப் இதில் பேச்சு வராத வேலையாள் மார்கன். படம் முழுக்க எல்லாரையும் மிரட்டுகிறான். கடைசியில், பூட்டிவைத்திருந்த பைத்தியக்கார அண்ணன் சால் விழுந்து இறந்துகிடக்கும்போது, அந்த உடலை மடியில் எடுத்து ஆட்டி ஆட்டி அழுகிறான். பிறகு கைகளில் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறிப்போகிறான். படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பல வருடம் தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்த இந்தப் படத்தை 1968-ல் யுனிவர்சல் கிடங்கில் தேடிக் கண்டுபிடித்தவர், மேலே எதிர்ப்பேச்சில் சொன்ன கர்ட்டிஸ் ஹாரிங்டன்தான்.